அந்த ஈமெயில் வந்த பிறகு: ஆபீஸில் டிஇஐ-யை மூடினால் நாம் என்ன செய்யலாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் ஹெச்ஆரிடமிருந்து வரும் ஈமெயிலில் நல்ல சேதி இருந்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வந்ததும் அப்படித்தான். நாலு பத்தி. முதல் மூன்றில் எங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள், நாலாவதின் நடுவில் ஒரே ஒரு வரி: டிஇஐ குழு இனி தனியாக இயங்காது, அதன் பணிகள் மற்ற குழுக்களோடு இணைக்கப்படும். (டிஇஐ என்றால் டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன். பன்மைத்துவம், சமத்துவம், எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்ற பெயரில் கம்பெனி நடத்தும் திட்டங்கள்.) திங்கட்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து ஆபீஸ் தளத்தைத் திறந்தால் அந்தப் பக்கமே இல்லை. தெற்காசிய ஊழியர் குழுவின் தீபாவளிப் படங்கள், மென்டர் பட்டியல், ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானா என்று வருடாவருடம் பார்த்த ஆய்வின் சுருக்கம், எல்லாமே ஒரு சனி ஞாயிறுக்குள் போயிருந்தன.

அன்றைக்கு நான் மூன்று தப்பு செய்தேன். கோபத்தில் எல்லோரும் இருக்கும் சேனலில் ஒரு நீளமான பதில் போட்டேன், பயந்துபோய் பத்தே நிமிடத்தில் நானே அதை அழித்தேன், அப்புறம் 'நமக்கென்ன, நாம் இதில் பெரிதாக எதையும் வாங்கவில்லையே' என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். கடைசியதுதான் பெரிய தப்பு. அதற்குப் பிறகு விழுந்து எழுந்து தெரிந்துகொண்டதை, அமெரிக்காவில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்காக, அதிலும் விசாவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் விஷயம் சிக்கலாக இருந்தால் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள், அது வீண் செலவு ஆகாது.

முதலில், ஏன் மூடினார்கள் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாக் கம்பெனியும் ஒரே காரணத்துக்காகப் பின்வாங்கவில்லை. நான் பார்த்தவரை மூன்று வகை.

ஒன்று, அரசு ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள். 2025 ஜனவரி 21 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட 14173-ஆம் எண் ஆணை, அரசு ஒப்பந்ததாரர்கள் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்க முனைப்பாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் போட்ட ஆணையை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. இனி ஒப்பந்தம் வேண்டுமென்றால் 'எங்களிடம் சட்டவிரோதமான டிஇஐ திட்டம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆனால், அரசுக்குப் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடிக்கும் சட்டத்தின் கீழ் வழக்கு வரும், நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டியிருக்கும். எது சட்டவிரோதம் என்று அந்த ஆணையில் தெளிவாக இல்லை. சட்டத்துறைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவார்கள்?

இரண்டு, வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்குப் பயந்தவர்கள். இது டிரம்ப் திரும்பி வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது கல்லூரிகளுக்குத்தான், கம்பெனிகளுக்கு அல்ல. ஆனால் அடுத்த குறி நாம்தான் என்று கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. 2024 ஜூனில் டிராக்டர் சப்ளை, ஜூலையில் ஜான் டியர், ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன், லோஸ், ஃபோர்டு, நவம்பரில் வால்மார்ட் என்று வரிசையாக விழுந்தார்கள். இதில் பலவற்றுக்குப் பின்னால் ராபி ஸ்டார்பக் என்ற ஒரு மனிதர் சமூக ஊடகத்தில் நடத்திய பிரச்சாரம் இருந்தது. 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், மெட்டா, டார்கெட்.

மூன்றாவது வகை, காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர்கள். அவர்களுக்கு அந்தத் துறை எப்போதுமே தண்டச் செலவாகத்தான் தெரிந்தது, மூட ஒரு சாக்கு கிடைத்தது, மூடினார்கள்.

உங்கள் கம்பெனி எந்த வகை என்று பார்க்க அரை மணி நேரம் போதும். யூஎஸ்ஏஸ்பெண்டிங் என்ற அரசுத் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் மத்திய அரசு ஒப்பந்தங்கள் வரும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் வருடாந்திர அறிக்கை, அந்த 10-கே, கடைசி இரண்டு வருடத்துக்கானதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மனித வளம்' பகுதியை மட்டும் படியுங்கள். போன வருடம் ஒரு பக்கம் இருந்த பன்மைத்துவம் இந்த வருடம் ஒரு வரியாகியிருக்கும், அல்லது அதுவும் இருக்காது. முதல் வகைக் கம்பெனியில் 'இது நியாயமா' என்று கேட்டுப் பயனில்லை, 'இதைச் சட்டப்படி எப்படிச் செய்யலாம்' என்று கேட்டால்தான் காது கொடுப்பார்கள். இரண்டாம் வகை வாடிக்கையாளர் பேச்சைக் கேட்கும். மூன்றாம் வகைக்குப் பணக் கணக்கு மட்டும்தான் புரியும்.

இன்னொன்று. போனது உண்மையில் போனதா, பெயர் மாறியதா என்று பாருங்கள். மெக்டொனால்ட்ஸ் தன் குழுவின் பெயரில் 'பன்மைத்துவம்' என்பதை எடுத்துவிட்டு 'குளோபல் இன்க்ளூஷன் டீம்' என்று வைத்துக்கொண்டது. ஜேபி மார்கன் 2025 மார்ச்சில் டிஇஐ-யில் இருந்த 'ஈக்விட்டி'யை எடுத்துவிட்டு 'ஆப்பர்ச்சுனிட்டி' என்று போட்டது. எங்கள் ஆபீஸிலும் மென்டர் திட்டம் செத்துவிட்டதாக ஆறு மாதம் நினைத்திருந்தோம், கடைசியில் பார்த்தால் அது 'தொழில் வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது கிளிக்கில் உயிரோடு இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திட்டம் வேறு, சட்டம் வேறு

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். டிஇஐ என்பது கம்பெனி தானாக வைத்துக்கொண்ட திட்டம். நினைத்தால் வைக்கலாம், நினைத்தால் எடுக்கலாம். பாகுபாடு கூடாது என்பது சட்டம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும். இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு இவற்றைப் பார்த்து வேலை கொடுக்கவோ பறிக்கவோ கூடாது. இதை எந்த ஆணையாலும் ரத்து செய்ய முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான 1990 சட்டம் அப்படியே இருக்கிறது. கர்ப்பிணி ஊழியருக்கு உட்கார நாற்காலி, தண்ணீர், மருத்துவரைப் பார்க்க நேரம் எல்லாம் தர வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூனில்தான் நடைமுறைக்கே வந்தது. தாய்ப்பால் எடுக்க கதவு மூடும் ஓர் அறை (கழிப்பறை செல்லாது) தர வேண்டியதும் சட்டம். மத வழக்கத்துக்கு இடம் கொடுப்பதில் சின்னச் செலவைக் காட்டி மறுக்க முடியாது என்று 2023-ல் க்ரோஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கள் ஆபீஸில் தாய்ப்பால் அறை டிஇஐ குழுவின் பொறுப்பில் இருந்தது. குழு போனதும் அந்த அறைக்குள் பழைய மானிட்டர்களை அடுக்கிவிட்டார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒரு பெண் இரண்டு நாள் காருக்குள் உட்கார்ந்து பால் எடுத்தாள். 'திட்டம் போய்விட்டதே, என்ன கேட்பது' என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் நாங்கள் சேர்ந்து எழுதிய ஈமெயிலில் பன்மைத்துவம், இன்க்ளூஷன் போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. சட்டத்தின் பெயர், அறை எண், எத்தனை மணிக்குத் தேவை, அவ்வளவுதான். அன்று மதியத்துக்குள் மானிட்டர்கள் போய்விட்டன.

சட்டம் இரு பக்கமும் வெட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜூன் 5 அன்று ஏம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது, பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டாலும் அவருக்குத் தனியாகக் கூடுதல் நிரூபணம் கேட்கக் கூடாது என்று. ஆகவே 'இந்த வேலைக்குப் பெண்ணைத்தான் எடுக்கணும்' என்று மேனேஜர் உங்களிடம் சொன்னால் அது நேற்றும் தப்பு, இன்றும் தப்பு.

என்ன போனது என்று ஒரு கணக்கு எழுதுங்கள்

'டிஇஐ-யைத் திரும்பக் கொண்டு வாருங்கள்' என்று கேட்டால் எந்த நிர்வாகமும் இப்போது தராது. ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே நடந்த வேலைகள் தனித்தனியாகக் கேட்கக்கூடியவை. ஒரு நோட்டை எடுத்து, நின்றுபோனது என்ன, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், அதையே எல்லோருக்குமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் தாள் என்ற வழக்கம் இருந்ததா? அதற்கும் எந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை, நல்ல ஆளெடுப்பு முறை, அவ்வளவுதான். காலி இடங்களை உள்ளுக்குள் எல்லோருக்கும் அறிவித்தார்களா, இல்லை மேனேஜரோடு சனிக்கிழமை கோல்ஃப் ஆடுபவனுக்கு மட்டும் தெரிந்ததா? சம்பள வரம்பு வெளியில் தெரிந்ததா? கலிஃபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்களில் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போடுவது சட்டமே. இப்படிப் பிரித்து எழுதியபோது எங்கள் பட்டியலில் பதினொன்று வந்தது, அதில் எட்டு யாரும் ஆட்சேபிக்க முடியாதவை. கேட்டதில் ஐந்து கிடைத்தது.

அப்புறம் காகிதம். உங்கள் வருடாந்திர மதிப்பீடு, சம்பளக் கடிதம், பாராட்டி வந்த ஈமெயில் இவற்றை எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் ஆபீஸ் ஃபைல்களை மொத்தமாகச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே காரணம் காட்டி வெளியே அனுப்புவார்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு கெட்டுப்போகும். எதை எடுத்து வைக்கலாம் என்பதில் சந்தேகம் இருந்தால் எடுக்காமல், வீட்டில் ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்து சொல்வதைவிட அன்று ராத்திரி எழுதிய இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். பேச்சைப் பதிவு செய்வதில் ஜாக்கிரதை: கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் பேசுபவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், டெக்சாஸ், நியூ ஜெர்சியில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கம்பெனி விதி தனியாகத் தடுக்கலாம்.

தனியாகப் பேசாதீர்கள்

தொழிற்சங்கம் இருந்தால்தான் உரிமை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1935 தொழிலுறவுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு சங்கம் இல்லாத தனியார் ஆபீஸுக்கும் பொருந்தும். இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தங்கள் சம்பளம், வேலை நிலைமை பற்றிப் பேசினாலும் நிர்வாகத்திடம் கேட்டாலும் அதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. 'உன் சம்பளம் எவ்வளவு' என்று சக ஊழியரிடம் கேட்பதும் இதில் அடக்கம். (நம் ஊர் அத்தைமார்களுக்குச் சட்டமே துணை.) விசாவில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. மேற்பார்வையாளர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கிடையாது. உங்கள் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருப்பது முக்கியமில்லை, ஆட்களை எடுக்கவோ நீக்கவோ அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இங்கே ஒரு நுணுக்கம், பலர் வழுக்கி விழும் இடம். 'டிஇஐ-யை மூடியது எனக்குப் பிடிக்கவில்லை' என்று தனியாக ஒரு பதிவு போட்டால் அது வெறும் கருத்து, பாதுகாப்பு பெரிதாக இல்லை. 'எங்கள் டீமில் ஒரே கேள்வித்தாள் முறை நின்றபிறகு நடந்த நாலு பதவி உயர்விலும் பெண்கள் யாரும் பரிசீலிக்கப்படவில்லை, இது பாகுபாடு என்று நாங்கள் கருதுகிறோம், விசாரியுங்கள்' என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கதையே வேறு. அது வேலை நிலைமை பற்றிய கூட்டுக் கோரிக்கை, அதே சமயம் பாகுபாட்டை எதிர்த்துக் கொடுத்த புகார். அதற்காகப் பழி வாங்குவது தனிக் குற்றம். பல வழக்குகளில் பாகுபாட்டை நிரூபிப்பதைவிடப் பழிவாங்கியதை நிரூபிப்பது எளிதாக இருக்கிறது, காரணம் தேதிகள் பேசும்: செவ்வாய்க்கிழமை புகார், அடுத்த வியாழக்கிழமை திடீரென்று 'திறன் மேம்பாட்டுத் திட்டம்' (பிஐபி, 'உன் வேலை சரியில்லை' என்று எழுத்தில் வரும் எச்சரிக்கை).

பேசுவதை ஆபீஸ் சாட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்களுடைய வீடு. சொந்த போனில் பேசுங்கள். அதற்காக எழுபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம், அதில் யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், எடுக்காமல் இருக்க மாட்டார்.

ஊழியர் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சமவேலைவாய்ப்பு ஆணையம், அதாவது ஈஈஓசி, 2025 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பில் ஒரு பிரிவினர் மட்டுமே சேரலாம் என்று வைத்திருக்கும் ஊழியர் குழுக்கள் சட்டச் சிக்கலில் மாட்டலாம் என்று சொன்னது. அதனால் உங்கள் குழுவின் பக்கத்தில் 'எல்லோரும் வரலாம்' என்று எழுதி வையுங்கள், எழுதியபடி நடந்தும் காட்டுங்கள். நாங்கள் பட்ஜெட் போனபிறகு பொங்கலைக் கைக்காசில் நடத்தினோம். கரும்புக்கு இந்தியக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு ஒரு நிமிடம் மூச்சு நின்றது, ஆனாலும் வாங்கினோம். அழைப்பைக் கட்டடம் முழுக்க அனுப்பினோம். அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்து எட்டுப் பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் சர்க்கரைப் பொங்கலை ரிசோட்டோ என்று நினைத்துச் சீஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் பின்னால் சம்பள ஆய்வு பற்றி எங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால், நாட்காட்டியைப் பாருங்கள்

இந்த நாட்டில் நியாயத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஈஈஓசியில் புகார் கொடுக்கச் சம்பவம் நடந்ததிலிருந்து 180 நாள். உங்கள் மாநிலத்தில் இதே வேலையைச் செய்யும் மாநில அமைப்பு இருந்தால் 300 நாள். கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் எல்லாம் 300. அட்லாண்டாவிலோ ராலேயிலோ சார்லட்டிலோ இருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்: ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் தனியார் ஊழியருக்கு 180 நாள்தான். கலிஃபோர்னியாவின் சொந்த ஆணையத்தில் மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது. மேலே சொன்ன 1935 சட்டத்தைப் பார்க்கும் தொழிலுறவு வாரியத்தில் புகார் கொடுக்க ஆறு மாதம்.

ஹெச்ஆரில் புகார் கொடுத்துவிட்டேன், அவர்கள் விசாரிக்கிறார்கள் என்று காத்திருந்தால் இந்தக் கடிகாரம் நிற்காது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 'விசாரணை நடக்கிறது' என்ற பதிலையே ஏழு மாதம் வாங்கிக்கொண்டிருந்தார், அவர் இருந்தது ஜார்ஜியா. ஹெச்ஆர் மேலே தப்பு சொல்லவில்லை, அவர்கள் கம்பெனியின் வேலையைப் பார்க்கிறார்கள், நம் நாட்காட்டியை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஈஈஓசியில் இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் ஜனாதிபதி இரண்டு ஆணையர்களை நீக்கியதால் முடிவெடுக்கப் போதிய ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது. தலைமை ஏற்ற ஆண்ட்ரியா லூக்கஸ், டிஇஐ காரணமாக நடந்த பாகுபாட்டையும், அமெரிக்கர்களைவிட விசாக்காரர்களுக்கு முன்னுரிமை தரும் கம்பெனிகளையும் பிடிப்போம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பார்வைக்குப் பொதுவாக இருந்து ஒரு பிரிவினரை மட்டும் அதிகம் பாதிக்கும் விதிகள் பற்றிய புகார்களை மத்திய அரசு இப்போது எடுப்பதில்லை, 2025 ஏப்ரலில் அதற்கும் ஓர் ஆணை வந்தது. அந்த வகைப் புகார் என்றால் மாநில அமைப்புதான் வழி, இல்லாவிட்டால் ஆணையத்திடம் 'வழக்குத் தொடரலாம்' என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். நிறம், இனம் சம்பந்தப்பட்டது என்றால் 1866-ஆம் வருடத்துப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆணையத்திடம் போகவே வேண்டாம், பெரும்பாலும் நான்கு வருடம் நேரமும் உண்டு.

விசாவில் இருப்பவர்கள் 'புகார் கொடுத்தால் நாடு கடத்துவார்களா' என்று கேட்பார்கள். புகார் கொடுத்ததற்காக விசா போகாது. வேலை போனால் போகும். ஹெச்-1பி வேலை விசாவில் வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் தங்கலாம், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். ஆகவே கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்: சேமிப்பு எத்தனை மாதத்துக்கு, துணைவருக்கு வேலை அனுமதி இருக்கிறதா, ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் வந்து 180 நாள் ஆகிவிட்டதா. இதெல்லாம் பார்த்துவிட்டு 'இப்போது வேண்டாம்' என்று முடிவு செய்பவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கிரீன் கார்டு கையில் இருப்பவர் முன்னால் நிற்கட்டும், விசாவில் இருப்பவர் தேதி, விவரம் எல்லாம் எழுதிக் கொடுக்கட்டும். எங்கள் கடிதத்தில் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

பங்கு வைத்திருக்கிறீர்கள், ஓட்டுப் போடுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் சும்மா கிடக்கிறது. ஆர்எஸ்யூ, அதாவது சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்கு, கைக்கு வந்து விற்காமல் வைத்திருந்தால் நீங்களும் பங்குதாரர். வருடத்துக்கு ஒரு தடவை ஃபிடிலிட்டியோ இ-டிரேடோ அனுப்பும் அந்த ஓட்டு ஈமெயிலை நாம் படிக்காமல் அழித்துவிடுகிறோம். 2025 ஜனவரியில் காஸ்ட்கோவின் டிஇஐ-யால் வரும் ஆபத்துகளை ஆராயச் சொல்லி வந்த தீர்மானத்தை 98 சதவீதத்துக்கும் மேலான ஓட்டு தோற்கடித்தது. அடுத்த மாதம் ஆப்பிளிலும் டிஇஐ-யை நிறுத்தச் சொன்ன தீர்மானத்துக்கு எதிராக 97 சதவீதம். அதற்குப் பிறகு நிர்வாகம் 'பங்குதாரர்கள் கேட்கிறார்கள்' என்று சொல்ல முடியாது. டார்கெட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு: ஜனவரி 24 அன்று பின்வாங்கினார்கள், மார்ச் 5-லிருந்து அட்லாண்டா பாதிரியார் ஜமால் பிரையன்ட் 40 நாள் புறக்கணிப்புக்கு அழைத்தார், அந்தக் காலாண்டில் புதிய கடைகளைச் சேர்க்காமல், இணைய விற்பனையையும் சேர்த்துப் பார்த்த விற்பனை 3.8 சதவீதம் குறைந்தது. விலை ஏற்றம், இறக்குமதி வரி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வாடிக்கையாளர் கோபத்தை ஒரு காரணமாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள், அது போதும்.

'நமக்கு இதில் என்ன வந்தது?'

நம்மவர்களின் சாப்பாட்டு மேசையில் இதுதான் ஓடுகிறது. தொழில்நுட்பக் கம்பெனிகளில் நம்மை 'ஆசியர்' என்று மொத்தமாகக் கட்டிவிடுவார்கள், எண்ணிக்கையில் நாம் குறைவில்லை, எனவே டிஇஐ இலக்குகளில் பெரும்பாலும் நம் பெயர் இல்லை, போனால் போகட்டும் என்பது வாதம். பாதி உண்மை. ஆனால் டீமில் பாதிப் பேர் இந்தியர்களாக இருக்கும் இடத்தில் டைரக்டர் வரிசைக்கு மேல் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை வருடாவருடம் வெளியிட்ட அறிக்கைதான் முதலில் நின்றது.

சாதி விஷயத்தில் நான் இன்னும் வெளிப்படையாகவே சொல்வேன். டிஇஐ கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே அது இந்த இடத்தில் தடுமாறியது. 2022 ஏப்ரலில் கூகுளில் தலித் உரிமைச் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பில் அந்தப் பேச்சு ரத்தானது, ஏற்பாடு செய்த மேனேஜர் தனுஜா குப்தா வேலையை விட்டார். தலித் பொறியாளர் ஒருவருக்காக 2020-ல் கலிஃபோர்னியா அரசு சிஸ்கோ மேல் வழக்குப் போட்டது, மூன்று வருடம் கழித்து அதில் இரண்டு பொறியாளர்கள் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டது, கம்பெனி மேல் இருந்ததை விடவில்லை. கலிஃபோர்னியாவில் சாதியைச் சட்டத்திலேயே சேர்க்க வந்த மசோதாவை 2023 அக்டோபரில் கவர்னர் நியூசம் நிராகரித்தார். ஆனால் 2023 பிப்ரவரியில் க்ஷமா சாவந்த் கொண்டுவந்து சியாட்டில் மாநகராட்சி நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை இன்றும் சட்டம். அமேசான்காரர்கள் கவனிக்க. அங்கே கம்பெனி எந்தப் பயிற்சியை நிறுத்தினாலும் அந்தத் தடை நிற்கிறது. மற்ற ஊர்களில் உங்கள் ஆபீஸ் நடத்தை விதியில் 'சாதி' என்ற சொல் இருந்தால் (ஆப்பிள் சேர்த்தது) அந்தப் பக்கத்தின் தேதியைக் குறித்து வையுங்கள், சத்தமில்லாமல் எடுக்கப்படும் சொற்களில் அதுதான் முதலாவதாக இருக்கும் என்பது என் பயம்.

கடைசியில் கையெழுத்து

சில இடங்களில் டிஇஐ குழு போனதோடு ஆட்களும் போகிறார்கள். பணத்தோடு ஒரு காகிதம் நீட்டுவார்கள், 'இன்றைக்கே போட்டால் நல்லது' என்பார்கள். போடாதீர்கள். உங்களுக்கு 40 வயது ஆகிவிட்டது, வயது சம்பந்தமான உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் யோசிக்க 21 நாள், கூட்டமாக நீக்கினால் 45 நாள் சட்டப்படி தர வேண்டும், போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். நாற்பதுக்குக் கீழே என்றாலும் ஒரு வாரம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். 'ஈஈஓசியில் புகார் கொடுக்க மாட்டேன்' என்று அதில் எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது, ஆனால் அதன் வழியாக வரும் பணத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தால் செல்லலாம், அந்த வரியை வக்கீலிடம் காட்டுங்கள். விசாவில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது பணத்தைவிட முக்கியமான ஒன்று: கடைசி வேலை நாளைத் தள்ளிப் போடுங்கள், சம்பளப் பட்டியலில் இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள் என்று. அந்த 60 நாள் எண்ண ஆரம்பிப்பது பொதுவாகச் சம்பளம் நின்ற பிறகுதான். எங்கள் டீமில் ஒருவருக்கு இப்படி ஐந்து வாரம் கிடைத்தது, நாலாவது வாரம் வேறு வேலை கிடைத்தது.